பிள்ளையார் எறும்பு

போன வாரம் மாரியம்மா தன் இடுப்பிலிருந்து சாப்பாட்டு அலமாரியின் சாவியை எடுத்து மருமகள் இராசம்மாவின் கையில் வைத்ததைப் பார்த்தோம். மாமியார் திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சாவியைக் கொடுத்த கையோடு அவள் சொன்னது இதுதான்.

"ஞாயித்துக்கிழமை சரோஜாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பலகாரம் உன் பொறுப்பு. அன்னைக்கு அது கெட்டுச்சோ, சாவி திரும்ப என் கைக்கு வந்துடணும், ஆமா."

வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் ஒரு கரண்டிச் சீனிக்கும் மாமியாரின் முகத்தைப் பார்த்தே பழகியவள் இராசம்மா. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "கெடாது அத்த" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்றைக்கு.

தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கிடையாது. கார்த்திகை மாதக் குளிரில் லயத்து வரிசை வீடுகளில் ஜனங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். இராசம்மா எழுந்து, கவாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டைகளை அடுப்பில் அடுக்கி ஊதினாள். தீ பிடித்ததும் தண்ணீரை ஏற்றினாள். கையை அனலில் காட்டிவிட்டுப் போய் அலமாரியின் பூட்டைத் திறந்தாள்.

நேற்று சுட்ட அதிரசம் உள்ளே இருந்தது. சூட்டோடு டின்னில் அடைத்தால் வேர்த்துவிடும் என்று தட்டில் பரப்பித் துணி போட்டு வைத்திருந்தாள். துணி நேற்று வெள்ளையாக இருந்தது. இப்போது கறுப்பாக இருந்தது. அதுவும் அசைந்துகொண்டிருந்தது.

எறும்பு!

சுவரின் வெடிப்பிலிருந்து தரை வழியாக, அலமாரியின் கால் வழியாக, கம்பி வலைக்குள் நுழைந்து, அதிரசத்தின் மேல் ஊர்கோலமே நடந்துகொண்டிருந்தது. அந்த அலமாரியின் நான்கு கால்களும் நான்கு மங்குகளில்தான் நிற்கும். விளிம்பு உடைந்த பழைய பீங்கான் கிண்ணங்கள். அவற்றில் தண்ணீர் இருக்கும்வரை எறும்புக்கு அலமாரி அக்கரைச் சீமை. நேற்று மாலை இராசம்மாதான் தன் கையால் நிரப்பினாள். இப்போது நான்கும் காய்ந்து கிடந்தன. ஒரு மங்கின் குறுக்கே விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று அலமாரிக் காலில் சாய்ந்திருந்தது.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமியார் வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! இதுக்குத்தான் உன்னை நம்பி சாவியக் குடுத்தேனா? மங்குல தண்ணி ஊத்தக்கூட உனக்கு நான் வந்து சொல்லணுமா?"

"ஊத்துனேன் அத்த."

"ஊத்துன தண்ணி எங்க? எறும்பு குடிச்சிடுச்சா?"

சத்தம் கேட்டு வீடே அடுப்படிக்கு வந்தது. வீடு என்றால் எத்தனை பேர்? இராசம்மாவின் புருஷன் வீரப்பன், தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். அவன் தங்கச்சி சரோஜா, கொழுந்து கிள்ளுகிறவள், இன்றைய கல்யாணப் பெண். மாமனார் சிங்காரம் முன்பே எழுந்து அடுப்படி மூலையில் குந்தி, நேற்றைய பாலில்லாத வரத் தே குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பெரிய கங்காணி. மேட்டில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பள்ளத்து நிரையில் கிள்ளுகிறவளின் கை நின்றுவிடும். வேலை ஓய்ந்து வீட்டோடு வந்த பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் கங்காணி மாரியம்மாதான். அவர் இப்போதும் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

வீரப்பன் தலையைச் சொறிந்தான். "மருந்து ஸ்டோர்ல தங்கராஜு இருப்பான். கேட்டா ஒரு காலிக் கிச்சாப் போத்தல்ல பூச்சி மருந்து ஊத்திக் குடுப்பான். ஒரு தடவை அடிச்சா போதும்லா."

"அந்தப் போத்தல் என் அடுப்படிக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்" என்றாள் இராசம்மா. "மேல் லயத்துக் கருப்பையா அண்ணன், கறுப்புச் சாஸு, கிச்சாப்புன்னு நெனச்சு மீன் மேல ஊத்துனது மறந்துபோச்சா? அவரு பொழைச்சதே பெரும்பாடு."

"அது என்னமோ ஒரு தடவை..."

"ஒரு தடவை போதும்லா."

வீரப்பன் முகம் கழுவப் போய்விட்டான்.

இராசம்மா கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள். மாரியம்மா அதையும் மறித்தாள்.

"சுடுதண்ணிய ஊத்திடாத! கறுப்பு எறும்பு, பிள்ளையாரு எறும்பு. செவப்பா இருந்தா நானே நசுக்கிடுவேன். நல்ல காரியம் நடக்கிற நாள்ல இத ஒண்ணுகூடக் கொல்லக் கூடாது. அவங்க வர்றப்போ ஒண்ணுகூட இருக்கவும் கூடாது."

இப்படி ஓர் உத்தரவை எந்தத் துரையும் எந்தத் தோட்டத்திலும் போட்டதில்லை. வேறொரு மருமகளாக இருந்தால் அடுப்புமேட்டில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இராசம்மாவுக்கும் கண் கரித்தது. ஆனால் அழுதால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"சரி அத்த. பாவமில்லாம வெரட்டுறேன். ஆனா நேத்து நான் தண்ணி ஊத்துனேன். ஊத்தலேன்னு யாரு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்."

"வாயைப் பாரு!" என்று மாரியம்மா முன்னறைக்குப் போனாள்.

இராசம்மா சேலையை வரிந்து கட்டினாள். அதிரசத் தட்டைப் பின்வாசலில் கொண்டுபோய் வைத்தாள். கொட்டாங்கச்சிகளில் வெல்லப்பாகைத் தடவி எறும்புச் சாரியின் குறுக்கே கவிழ்த்தாள். எறும்புக்கும் நம்மைப் போலத்தான், பக்கத்தில் இருக்கிற இனிப்பை விட்டுத் தூரத்து இனிப்புக்குப் போக மனசு வராது. கொட்டாங்கச்சி நிறைய நிறைய அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, தேயிலைச் செடிக்கு அடியில் தட்டிவிட்டு வந்தாள். போகிற வருகிற அவளைப் பக்கத்து வீட்டு ஆண்டாளு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாரி மெலிந்த பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் துடைக்கக் குனிந்தாள் இராசம்மா. துணி நரநரத்தது.

சீனி.

சுவர் வெடிப்பிலிருந்து அலமாரிக் கால்வரை, கோலப்பொடி இழுத்ததுபோல மெல்லிசாக ஒரு சீனிக் கோடு.

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, நிம்மதிதான் வந்தது. தப்பு என்னுடையது இல்லை! அடுத்த நிமிடமே கோபமும் வந்து சேர்ந்தது. ஈர்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இந்த வீட்டில் விடியலில் விளக்குமாற்றைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

சரோஜா பின்பக்கக் குழாயடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இராசம்மா ஈர்க்கை அவள் முன்னால் நீட்டினாள்.

சரோஜாவின் கையிலிருந்த டம்ளர் வாளிக்குள் விழுந்தது.

"அண்ணி..."

"எறும்புக்குப் பாலம் கட்டியிருக்க. சீனியும் போட்டு வழி காட்டியிருக்க. ஏன்டி, நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"உங்களுக்குன்னு செய்யல அண்ணி, சத்தியமா. பலகாரத்துல எறும்பப் பாத்தா அவங்க மூஞ்சைச் சுளிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். பழி உங்க மேல விழும்னு தோணவே இல்ல."

"அப்ப கல்யாணம் வேணாமா உனக்கு?"

சரோஜா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று இராசம்மா கேட்டதற்கும் இல்லை என்று அதே தலையாட்டல்தான்.

"ஹஃபீசா அக்கா தையல் கடையில ரெண்டாவது மிஷின் காலியா இருக்கு அண்ணி. பிரிஞ்சாங் டவுன்ல ஸ்கூல் உடுப்பு தைக்க ஆளு பத்தல. எனக்கே தர்றேன்னாங்க. இந்த வாரம் பதில் சொல்லணும். இவங்க என்னடான்னா கிராணி பொண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாதுன்னு இப்பவே சொல்லி அனுப்பிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கல."

இராசம்மாவுக்குக் கம்போங் ராஜாவில் தன் அப்பா வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. அங்கேயும் யாரும் கேட்கவில்லை. வீரப்பன் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்கலாமே என்ற குறை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தீர்ந்ததில்லை.

"இங்க பாரு" என்றாள். "எறும்பு உனக்காகப் பேசாது. இன்னைக்கு அவங்க கேட்டா நீயே சொல்லு. கேக்கலேன்னா கேக்காமலே சொல்லு."

"அம்மா கொன்னுடுவாங்க அண்ணி."

"அடிக்கட்டும். நான் குறுக்க நிக்கிறேன்."

பதினொரு மணிவாக்கில் வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இறங்கினாள். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறி வருகிற வளைவுகள் அவளை ஒரு வழி பண்ணியிருந்தன. அவள் பிள்ளை கந்தன், கீழ்நாட்டுத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. தரையைக் கூட்டுகிற அகலத்தில் கால்சட்டை போட்டிருந்தான். கூடவே வந்தவர் பேச்சியம்மாவின் தம்பி ஆண்டியப்பன். இவர் நம் தோட்டத்துப் பெரிய கிராணி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே இவர்தான். களை வெட்டிக்கொண்டிருந்த வீரப்பனை லோரியில் ஏற்றிவிட்டதும் இவர்தான். அதை மாதம் ஒரு தடவை ஞாபகப்படுத்தவும் செய்வார்.

அதனால் வீரப்பன் நாற்காலியில் உட்காரவே இல்லை. மாரியம்மாவின் முகத்தில் சிரிப்பு இறங்கவே இல்லை. சிங்காரம் கதவோரம் நின்றார். கந்தன் எல்லாருக்கும் கும்பிடு போட்டான். அவர் பக்கம் வந்தபோது மட்டும் அவன் கை பாதியில் இறங்கி, கண் வேறெங்கோ போனது. இராசம்மா அதைக் கவனித்தாள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதிரசத்துக்குப் பதிலாகச் சுடச்சுட வாழைப்பழம் பொரித்துத் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். "தட்ட எடுத்துட்டுப் போ புள்ள" என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டுத் தே ஆற்றத் திரும்பினாள்.

சரோஜா தட்டை எடுத்தாள். ஆனால் வாழைப்பழத் தட்டை இல்லை. பின்வாசலுக்குப் போய், அங்கே வைத்திருந்த அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனாள்.

இராசம்மா பார்த்தபோது காரியம் கைமீறிவிட்டது. தட்டு பேச்சியம்மாவின் முன்னால் இருந்தது. போகாமல் தங்கிவிட்ட எறும்புகள் விளிம்பைச் சுற்றி வலம் வந்தன. ஒன்று கந்தனின் கைக்கடிகாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

மாரியம்மாவின் சிரிப்பு ஒரு வழியாக இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி! எல்லாம் எங்க மருமகளோட லட்சணம். நேத்து ராத்திரி மங்குல தண்ணி ஊத்தாம..."

"இருங்க, இருங்க" என்றாள் பேச்சியம்மா. எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டின்மேல் குனிந்தாள். "கறுப்பு எறும்பு."

"ஆமாங்க. அது வந்து..."

"பிள்ளையாரு எறும்பு! பொண்ணு எடுத்துட்டு வர்ற தட்டுலயே ஏறி வந்திருக்காரு. தம்பி, இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" அவள் ஓர் அதிரசத்தை எடுத்து எறும்புகளைப் பூப்போல ஊதிவிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள். "பேஷ்! யாரு சுட்டது?"

"எங்க மருமக!" என்றாள் மாரியம்மா. ஒரு நிமிடத்தில் மருமகளின் லட்சணமே மாறிவிட்டது.

"அப்ப பேச்சென்ன வேண்டிக்கெடக்கு? பூ கொண்டு வந்திருக்கேன். இப்பவே பொண்ணுக்கு வச்சிடுறேன். தையில கல்யாணம்."

தாம்பாளத்தில் இருந்த மல்லிகைச் சரத்தை அவள் கையில் எடுத்தாள். சரோஜா அசையவில்லை. அவள் கட்டிய பாலத்தின் வழியாகவே கல்யாணம் நடந்து வந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

இராசம்மா சும்மா இருந்திருக்கலாம். சாவி தங்கியிருக்கும், மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசியிருப்பாள், புருஷன் வேலைக்கும் பங்கம் வந்திருக்காது. இதையெல்லாம் அவளும் நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் முன்னறைக்குள் வந்து, பூவுக்கும் சரோஜாவின் தலைக்கும் நடுவில் நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம்."

"உள்ள போடி" என்றாள் மாரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறேன் அத்த. சரோஜா, நீ சொல்றியா, நான் சொல்லவா?"

சரோஜா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் முதல் வார்த்தைக்குத் தடுமாறியது, அதற்குப் பிறகு தடுமாறவில்லை.

"எறும்பு தானா வரலீங்க. நான்தான் சீனி போட்டுக் கூப்பிட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். உங்க மேல ஒரு குறையும் இல்ல. நான் பிரிஞ்சாங்குல தைக்கப் போறேன்."

பேச்சியம்மாவின் வாயில் அதிரசம் இன்னும் மிச்சம் இருந்தது. அதை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் பட்ட பாடு பெரும்பாடு. கடைசியில் முழுங்கினாள்.

"நல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தடா தம்பி" என்று எழுந்தாள்.

கந்தனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கடிகாரத்திலிருந்த எறும்பைத் தட்டிவிட்டு, விட்டால் போதும் என்பதுபோல முதல் ஆளாகக் காரில் போய் ஏறிக்கொண்டான். ஆண்டியப்பன் மட்டும் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"வீரப்பா, லோரி யாரால கெடச்சதுன்னு மறந்துட்ட போல. பரவால்ல. நாளைக்குப் பெரட்டுல ஞாபகப்படுத்துறேன்."

கார் போன பிறகு அந்த வீட்டில் நடந்த சத்தத்தை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். மாரியம்மா மகளை அடிக்கக் கை ஓங்கினாள். சொன்னபடி இராசம்மா குறுக்கே நின்றாள். அடி அவள் தோளில் விழுந்தது. அவள் நகரவில்லை.

வீரப்பன் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"வேலை போனா லயத்து வீடும் போயிடும். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசுன?"

"தெரிஞ்சுதான் பேசுனேன். அந்தப் புள்ளைய லோரிக்கு வெலையா குடுத்துட்டு உங்களால நிம்மதியா ஓட்ட முடியுமா?"

அவன் லோரி நிற்கிற கொட்டகைப் பக்கம் நடந்து போனான். ரொம்ப நேரம் வரவில்லை.

இராசம்மா உள்ளே வந்தபோது மாமியார் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவியக் குடு."

"தரமாட்டேன் அத்த."

"என்ன?"

"பலகாரம் கெட்டா சாவியத் தரணும்னீங்க. பலகாரம் கெடலையே. சம்பந்தியம்மா பேஷ்னு சொல்லிச் சாப்பிட்டாங்க, நீங்களும்தான் கேட்டீங்க."

மாரியம்மா ஆயிரம் சண்டை பார்த்தவள். ஆனால் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

பொழுது சாய மூடுபனி இறங்கியது. இராசம்மாவும் சரோஜாவும் அடுப்படியில் மிச்சச் சீனியைக் கூட்டினார்கள். தோள் வலித்தது. நாளைய பெரட்டை நினைத்தால் பயமாகவும் இருந்தது. ஆனாலும் மனதில் எங்கோ ஒரு மூலையில் இராசம்மாவுக்குப் பாடவேண்டும் போலிருந்தது.

ஈர்க்கை அடுப்பில் போடப் போனவள், அப்படியே நின்றாள்.

"ஏன் சரோஜா, ஈர்க்குதான் போட்டியே, அப்புறம் மங்குத் தண்ணிய எதுக்குக் கொட்டுன? தண்ணி இல்லாத மங்குக்குப் பாலம் எதுக்கு?"

சரோஜா நிமிர்ந்தாள். "நான் கொட்டலையே அண்ணி. நான் ஈர்க்கு போடுறப்போ நாலு மங்கும் ரொம்பி இருந்துச்சே. வெரல் நனைஞ்சு குளுந்துச்சு."

"நெசமாவா?"

"உங்க மேல சத்தியமா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரோஜாவுக்குப் பிறகு, இராசம்மாவுக்கு முன்னால், அந்த அடுப்படிக்கு வேறு யாரோ வந்திருக்கிறார்கள். மாரியம்மா? சொந்த மகளின் கல்யாணத்தை அவளே கெடுப்பாளா? வீரப்பனை எழுப்பியதே மாரியம்மாவின் சத்தம்தான்.

இராசம்மா குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போனாள். தேயிலைச் செடிக்கு அடியில் காலையில் கொண்டுவந்து விட்ட எறும்புகளில் ஒன்றைக்கூடக் காணோம். திரும்பி வந்தபோது அடுப்படி நிலைவாசலில் சரோஜா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே, அலமாரிக்குப் பக்கத்தில் சிங்காரம் குந்தியிருந்தார். கையில் தண்ணீர்க் கேத்தல். ஒவ்வொரு மங்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள் இராசம்மா.

அவர் நிமிரவில்லை. ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

"காலையில மொதல்ல முழிச்சது நான்தாம்மா. புள்ள சீனியத் தூவிட்டு ஈர்க்கு வைக்கிறத இருட்டுல பாத்தேன். ஏன்னு எனக்குப் புரிஞ்சது. ஒரு ஈர்க்குல எத்தனை எறும்பு ஏறும், சொல்லு? அவ உள்ள போனதும் தண்ணிய வடிச்சு விட்டுட்டேன்."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராசம்மாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இந்த மனுஷன் காலையில் அந்த மூலையில்தானே உட்கார்ந்திருந்தார்? அவள் வாங்கிய திட்டு அத்தனையும் கேட்டபடி தே குடித்தாரே!

"தண்ணிய வடிச்சீங்க மாமா, நல்லது. ஆனா இவளுக்கு வேண்டியிருந்தது எறும்பு இல்ல, உங்க கொரலு. ஒரு மலையையே அதட்டுன கொரலு அது. பூ வைக்கப் போறப்பகூட நீங்க கதவப் புடிச்சிட்டு நின்னீங்க."

கேத்தலின் மூக்கு மங்கின் விளிம்பில் தட்டிக் கிணுகிணுத்தது.

"பயம்மா" என்றார் அவர். "ஆண்டியப்பன் வீரப்பன் வேலையில கை வைப்பானேன்னு பயம். அந்தக் கந்தனை நான் ரிங்லெட் டவுன்ல பாத்திருக்கேன். போன மாசம். தனியா இல்ல, கூட ஒரு பொண்ணு இருந்துச்சு. நான் பாத்தது அவனுக்கும் தெரியும்."

கும்பிட வந்து பாதியில் இறங்கிய கை இராசம்மாவின் கண் முன்னால் வந்து போனது.

"இத எங்ககிட்டச் சொல்லி என்ன மாமா பண்றது? சொல்ல வேண்டியவங்க முன்னறையில இருக்காங்க. நாளைக்குப் பெரட்டுல கிராணி கேப்பாரு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது.

"யாரு அங்க, அலமாரிகிட்ட?"

இராசம்மாவும் சரோஜாவும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிங்காரம் கேத்தலைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு தடவை கனைத்தார்.

"நான்தான்!" என்றார். "மாரியம்மா, எழுந்து இங்க வா. அந்தக் கந்தனைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும்."

அது முழு மலைக்கும் கேட்கிற பழைய கங்காணிக் குரல். பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை ஆண்டாளு சட்டென்று அணைத்தாள்.